கல்யாணத்தில் சர்க்காருக்கு என்ன வேலை

பென்ஷன் விஷயமாகப் போனபோது பழைய ஆபீஸை எட்டிப் பார்த்தேன். இப்போது இருக்கிறவர்கள் மரியாதையான பிள்ளைகள். வேலையை விட்டுவிட்டு எதிரில் இருந்த டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்குள் ஏற்கெனவே ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் உட்காரும் பெண்ணின் கட்சி இது: கல்யாணம் என்பது அவரவர் சாமி, அவரவர் குடும்பம் சம்பந்தப்பட்டது. சர்க்கார் அதில் தலையிடவே கூடாது. இரண்டு பேர் சேர்ந்து வாழ்கிறோம் என்று வந்தால் ஒரு ஒப்பந்தம் பதிந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கல்யாணம் என்ற பேரையே அதற்கு வைக்கக் கூடாது. என் இடத்துக்கு வந்திருப்பவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க சொல்லுங்க. இந்த ஆபீஸ்ல எத்தினி ஜோடியப் பாத்திருப்பீங்க. கல்யாணத்துல கவர்ன்மென்ட்டுக்கு இன்னா வேலை?" என்று கேட்டார்.

நான் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஆனால் என் சுபாவம் அப்படிப்பட்டது அல்ல. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று குன்றத்தூரில் வீடு வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பேசச் சொன்னால் தடுமாறுவேன். எழுதினால் அடித்துத் திருத்தலாம். அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாவது பாதியில் நின்றவன். அப்பா படுத்துவிட்டார், பள்ளிக்கூடமும் முடிந்தது. செங்கல் சூளை, மூட்டை தூக்கல், தாலுகா ஆபீஸில் தற்காலிகக் காவல், அப்புறம் யார் யார் காலிலோ விழாத குறையாகக் கேட்டுப் பதிவுத் துறையில் அலுவலக உதவியாளர். முதல் இருபது வருசத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம்: கட்டுத் தூக்கினேன், திட்டு வாங்கினேன், ஒரு காகிதத்தையும் தொலைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து சார் பதிவாளர் அலுவலகம் ஒன்றுக்கு மாற்றல் ஆகி வந்தேன். அப்போது அந்தப் பக்கம் இருந்த வேகத்தை இப்போது சொன்னால் யாருக்கும் புரியாது. காலையில் பார்த்த கேழ்வரகுக் கொல்லை சாயங்காலம் திரும்பும்போது கம்பி வேலிக்குள் இருக்கும். ஒரகடம், வடக்குப்பட்டு, தண்டலம் என்று எல்லா ஊரிலிருந்தும் ஜனங்கள் எங்கள் வராந்தாவில்தான் இருந்தார்கள். பத்திரம் பதிய, வில்லங்கச் சான்று வாங்க, பாகம் பிரிக்க, பிரித்த பாகத்தில் சண்டை போட. ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஷிப்ட்டுக்கு ஷிப்ட் வரிசையாகப் போகும். திருநெல்வேலி, சிவகங்கை, ராமநாதபுரம் என்று தெற்கத்திப் பிள்ளைகள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே போவார்கள். அந்தத் தூங்குமூஞ்சிகளைப் பார்த்தால் எனக்கு ஏனோ சந்தோசமாக இருக்கும். இப்போதும் கம்பெனி பஸ் ஒன்று கடந்து போனால் நின்று பார்க்கிறேன்.

அந்த வராந்தாவில்தான் எங்கள் அறிவிப்புப் பலகை இருந்தது. மரச்சட்டம், முன்னால் கம்பி வலை, ஒரு சின்னப் பூட்டு. சாவி என் பொறுப்பு. வெவ்வேறு மதத்துக்காரர்கள், அவரவர் மதத்தை விடாமல் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றால் தனித் திருமணச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி முதலில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அவர்கள் பேர், அப்பா பேர், விலாசம் எல்லாம் எழுதிய அறிவிப்பை முப்பது நாள் அந்தப் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். ஆட்சேபணை இருக்கிறவர்கள் அதற்குள் சொல்லலாம். ஒட்டுகிற வேலை எனக்கு. மைதா காய்ச்சி, கொஞ்சம் துத்தம் போட்டுப் பசை செய்வேன். துத்தம் போடாவிட்டால் கரப்பான் தின்றுவிடும். ஒட்டிய நாளிலிருந்து எனக்குக் கவலைதான். சாரல் அடித்ததா, எழுத்து கரைந்ததா, யாராவது வலைக்குள் குச்சி விட்டுக் கிழித்தார்களா என்று டீக்குப் போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன்.

மற்ற ஊரில் அந்தப் பலகையை யாரும் படிக்க மாட்டார்கள். எங்கள் ஆபீஸில் நேர் மாறு. நிலம் விற்க வந்த ஊர் ஜனம் மொத்தமும் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பலகைக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கும். வேலை இல்லாமல் காத்திருக்கிறவன் எதைத்தான் படிக்க மாட்டான்?

பரந்தாமன் சார் எங்களுக்குச் சார் பதிவாளராக வந்தது அதற்கு ஒரு வருசம் கழித்து. நெற்றியில் மெல்லிய திருமண். சனிக்கிழமை விரதம். அலுவலக உதவியாளனை 'நீங்க' என்று கூப்பிட்ட அதிகாரி என் சர்வீஸில் அவர் ஒருத்தர்தான். முதல் நாள் அவர் 'மாணிக்கம், தண்ணி கொண்டு வாங்க' என்றபோது எனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். எந்தக் காகிதமும் அவரிடம் போனால், எதிரில் இருக்கிறவருக்குக் கேட்கும்படி முழுசாகப் படிப்பார். எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருந்தாலும் சரி. படித்து முடித்து, "இதுதான நீங்க சொன்னது?" என்று கேட்பார். ஆமாம் என்று வாயால் சொல்ல வேண்டும், தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார். வரிசை நீண்டுகொண்டே போகும். புரோக்கர்கள் பல்லைக் கடிப்பார்கள். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

நடுவில், எல்லாக் கல்யாணமும் கட்டாயம் பதிய வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. அது புதுக் கல்யாணங்களுக்குத்தான். ஆனால் பழைய கல்யாணக்காரர்களும் பயந்துபோய் வர ஆரம்பித்தார்கள். அப்படி வந்தவர்தான் லாரி வைத்திருந்த ஏகாம்பரம். மகன் வெளிநாடு போகிறான், அங்கே அப்பா அம்மா கல்யாணச் சான்று கேட்கிறார்களாம். பத்திரிகை இல்லை. போட்டோவில் பாதியைச் செல் அரித்திருந்தது. மாப்பிள்ளையின் கழுத்துவரைதான் மிச்சம். இந்தச் சான்று கொண்டு வா, அந்தச் சான்று கொண்டு வா என்று கிளார்க் சொல்லச் சொல்ல, ஏகாம்பரத்துக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஏன் சார், காயிதம் இல்லன்னா எனுக்கும் இதுக்கும் கல்யாணமே ஆவலையா? அப்போ இத்தினி வருசமா நாங்க இன்னா பண்ணிகினு இருந்தோம்?" என்றார்.

அவர் சம்சாரம் தலையை நிமிர்த்தாமலே, "சொல்ட்டாருன்னு வச்சிக்க, நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிர்றேன். நிம்மதியா இருப்பேன்" என்றது. வராந்தா வரைக்கும் சிரிப்பு.

பரந்தாமன் சார் சிரிக்கவில்லை. அவரை உட்காரச் சொல்லி, நிலத்தை எழுதிக்கொடுக்கும்போது நிலத்தை நாங்களா உண்டாக்குகிறோம் என்று கேட்டார். நிலம் முன்னாலேயே இருக்கிறது, இன்னார் கையில் இருக்கிறது என்று எழுதி மட்டும் வைக்கிறோம். "உங்க கல்யாணமும் அப்படித்தான். கல்யாணம் உங்களுது. எழுதி வைக்கறது மட்டும்தான் எங்க வேலை" என்றார். ஏகாம்பரம் சமாதானமாகி, செல் அரித்த போட்டோவை வேட்டி மடிப்பில் பத்திரமாகச் சொருகிக்கொண்டு போனார்.

அதுதான் சாருடைய கொள்கை. ஆபீஸில் கம்ப்யூட்டரில் உட்காரும் அந்தப் பெண்ணின் கட்சிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கார் எழுதலாம், நடத்தக் கூடாது. ஆனால் தனித் திருமணச் சட்டத்தில் அப்படி ஒதுங்க முடியாது. அங்கே கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை. சார் மேஜைக்கு முன்னால் நின்று, மூன்று சாட்சி கேட்க, ஒருத்தரை ஒருத்தர் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால்தான் கல்யாணமே. அந்த வேலை வரும் நாளில் அவர் காலையிலிருந்தே ஒரு மாதிரி இருப்பார். அவர் செய்கிற முறை தனி. மாலையை ரிஜிஸ்டர் பக்கம் கொண்டு வரக் கூடாது, பூ ஈரம் பட்டால் மை ஊறும். தாலியோ மோதிரமோ அவரவர் இஷ்டம், அவர் கையால் எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டார். ஆசீர்வாதமும் பண்ண மாட்டார். ஆனால் அவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லும்போது எழுந்து நிற்பார். ஆபீஸ் ஆட்கள் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது என்பதும் அவர் வைத்த சட்டம். கேட்கிறதும் சர்க்கார், பார்த்தேன் என்கிறதும் சர்க்கார் என்றால் நடுவில் மனுசன் எங்கே என்பார்.

இசக்கிமுத்துவும் ரூபியும் வந்தது ஒரு மத்தியானம். முதல் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார்கள். இரண்டு பேர் கழுத்திலும் ஒரே கம்பெனி அடையாள அட்டை. அவன் திருநெல்வேலிப் பக்கம், செல்போன் லைனில் ஆபரேட்டர். அவள் ஒரகடத்துக்கு உள்ளே ஒரு கிராமம், பேக்கிங்கில் இருந்தாள். கிறிஸ்தவக் குடும்பம். நான்தான் வராந்தாவில் நிறுத்தி விசாரித்தேன்.

"சர்ச்ல கேட்டோம் அண்ணாச்சி. நான் ஞானஸ்நானம் எடுக்கணும்னு சொல்லுதாவ. கோயில்ல கேட்டா இவ பேர மாத்திட்டு வாங்கன்னு சொல்லுதாவ. சுடலமாடன விட்டுட்டு வான்னு இவ எங்கிட்ட கேக்கல. நான் எப்படி இவகிட்ட ஏசுவ விடுன்னு கேக்கது?" என்றான்.

ரூபி குறுக்கே புகுந்து, "கேட்டுத்தான் பாரேன்" என்றாள். 

நான் முறையைச் சொன்னேன். பலகையைக் காட்டினேன். அடியில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்களை ரூபி ஒரு நோட்டம் விட்டாள். அதில் இரண்டு பேர் அவள் ஊர். முகம் வெளுத்துவிட்டது. வேறு வழி இல்லையா என்று அவன் கேட்டான். இல்லை என்றேன். அவள்தான் கடைசியில், "ஒளிஞ்சி பண்ற வேலையா இது, ஒட்டுங்க" என்றாள்.

ஒட்டினேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களுக்கு நான் மாமனா மச்சானா? ஆனாலும் பூட்டைத் திறந்து பசை தடவியது என் கைதானே. வராந்தாவில் யாராவது எழுந்து நின்றாலே பலகைப் பக்கம் எட்டிப் பார்ப்பேன்.

முப்பது நாளில் பாதிகூடத் தாண்டவில்லை. தன் அண்ணன் நிலத்துக்கு வில்லங்கச் சான்று வாங்க வந்திருந்த ஒருத்தர், ஒரு கம்பெனியின் செக்யூரிட்டி உடுப்பில் இருந்தவர், பலகைக்கு முன்னால் போய் நின்றார். வலைமேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்து முடித்தும் விரலை எடுக்கவில்லை. ரூபியின் அப்பா சாமிதாஸ் அவர்தான்.

அவர் கிழிக்கவில்லை, கத்தவில்லை. டோக்கனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மறுநாள் மைத்துனர் ஆரோக்கியத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த ஆரோக்கியம் ரூபிக்குத் தாய்மாமன். நிலம் விற்ற காசில் கார் வாங்கியவர். தன் மகனுக்கு ரூபி என்று மனசில் வைத்திருந்தவர். சாருக்கு முன்னால் இரண்டு பேரையும் உட்கார வைத்தேன்.

எந்த ஆட்சேபணை செல்லும் என்று சார் நிதானமாகச் சொன்னார். வயசு போதாமல் இருக்க வேண்டும், புத்தி சரியில்லாமல் இருக்க வேண்டும், ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், நெருங்கிய ரத்த உறவாக இருக்க வேண்டும். மதம், சாதி, பெற்றவர் விருப்பம் எதுவும் கணக்கில் வராது. பொய்யான ஆட்சேபணை கொடுத்தால் அபராதம் உண்டு. அபராதம் என்றதும் ஆரோக்கியம் பேனாவைத் தன் கையிலிருந்து மச்சான் கைக்கு மாற்றினார். என் பையனோட ஏற்கெனவே கல்யாணம் ஆயிட்ச்சின்னு எழுதிக் குடு மச்சான், மத்தத நான் பாத்துக்கறேன் என்று காதோரம் சொன்னது எனக்கே கேட்டது.

சாமிதாஸ் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"பொண்ணுக்கு வயசு ஆயிட்ச்சி சார். புத்தியெல்லாம் நல்லாத்தான் கீது. வேற கல்யாணம் ஆவல. ஆச்சின்னு என் கையால எழுத மாட்டேன்" என்றார். அப்புறம் சாரை நேராகப் பார்த்தார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். கல்யாணம்ன்றது கடவுள் முன்னாடி நடக்கறது. நீங்க நெத்தியில இட்டுகினு கீறீங்க, உங்குளுக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒண்ணா வாழறாங்கன்னு கவர்ன்மென்ட்டு ஒரு சீட்டு குடுக்கட்டும், வேணாங்கல. அதுக்குக் கல்யாணம்னு பேர் வெக்க நீங்க யாரு?"

சார் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார்.  "நியாயமான கேள்விதாங்க. என்னை நானே கேட்டுக்கறதுதான்" என்றார்.  சாமிதாஸ் அதை எதிர்பார்க்கவில்லை போல. சண்டை போட வந்தவர், கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை.

சாயங்காலம் கட்டுகளை உள்ளே வைக்கும்போது சார் என்னைக் கூப்பிட்டார். "என் இஷ்டத்துக்கு விட்டா நான் எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கிடுவேன் மாணிக்கம். அந்த ஆள் சொன்னதுல எனக்கு ஒண்ணும் தப்பு தெரியல. ஆனா கோயில் ஒரு நிபந்தனை சொல்லுது, சர்ச் ஒரு நிபந்தனை சொல்லுது. நாமளும் ஒதுங்கிட்டா அந்தப் பொண்ணு எந்த வாசல்ல போய் நிக்கும்?"

பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு நான் சொல்ல நினைக்கிறதும் அதுதான். கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் அவரவர் முறையில் நடத்தட்டும், சர்க்கார் அங்கே மூக்கை நுழைக்க வேண்டாம், எழுதி வைத்தால் போதும். ஆனால் எங்கேயும் இடமில்லாமல் வருகிற ஜோடிக்கு ஒப்பந்தச் சீட்டு என்று ஒன்றை நீட்டினால், மற்றவர்களுக்குக் கல்யாணம், உங்களுக்கு மட்டும் இது என்று சொல்வதாகிவிடும். அவர்களும் கல்யாணம் என்று கேட்டுத்தானே வந்தார்கள்? நிலத்துக்குக் குத்தகைச் சீட்டு வேறு, கிரயப் பத்திரம் வேறு என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

முப்பது நாளும் முடிந்தது. அதற்குள் ரூபி வீட்டை விட்டு வந்து ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஆரோக்கியம் அங்கேயும் போய்ச் சத்தம் போட்டதில், ஹாஸ்டல்காரம்மா கல்யாணத்துக்குக் குறித்த நாள் காலையிலேயே காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பெட்டியோடுதான் ஆபீஸுக்கு வந்தாள். ஆரோக்கியத்தின் கார் காலையிலிருந்தே வாசலுக்கு எதிரில் நின்றது. உள்ளே நாலு பேர். தடியும் இல்லை, கூச்சலும் இல்லை. கல்யாணம் ஆகாமல் அவள் வெளியே வந்தால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், அவ்வளவுதான் விஷயம். சாமிதாஸ் அந்தக் காரில் ஏறவில்லை. காம்பவுண்டு ஓரம் வேப்பமரத்தடியில் தனியாக நின்றார்.

சாட்சிக்கு ரூபியோடு பேக்கிங்கில் இருக்கும் பெண் வந்துவிட்டாள். இசக்கிமுத்துவின் ரூம்காரன் ஒருத்தன் வந்துவிட்டான். இன்னொரு ரூம்காரனைக் காணோம். அவனை மாற்றிவிட வேண்டிய ஆள் அடுத்த ஷிப்ட்டுக்கு வரவில்லை, லைனை விட்டு வரக் கூடாது என்று சூப்பர்வைசர் பிடித்து வைத்துவிட்டாராம். இசக்கிமுத்து போன் பண்ணிப் பண்ணி ஓய்ந்து போனான். நான் வராந்தாவில் இருந்தவர்களைக் கேட்டேன். காரைப் பார்த்தார்கள், ஆளுக்கொரு வேலை வந்துவிட்டது. பத்திரம் எழுதுகிறவரைக் கேட்டேன். "நாளைக்கு அவங்க ஊர்ப் பத்திரத்த நான்தானேப்பா எழுதணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆபீஸ் மூடுகிற நேரம் நெருங்கியது. ரூபி பெட்டிமேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சார் மணி அடித்தார். உள்ளே போனேன்.

"மாணிக்கம், அரை நாள் லீவு எழுதிக் குடுங்க" என்றார்.

 வராந்தாவில் சாட்சி பிடிக்க அலைந்ததை யாரோ புகார் சொல்லிவிட்டார்கள், இது மெமோவுக்கு முன்னால் வருகிற லீவு என்று நினைத்தேன். "இன்னா சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டேன். எழுதுங்க என்றார். என்ன காரணம் எழுதுவது என்றேன். சொந்த வேலை என்றார். எழுதினேன். சார் அதில் அனுமதி என்று கையெழுத்துப் போட்டார். சாவிக்கொத்தைக் கிளார்க்கிடம் கொடுக்கச் சொன்னார். அந்தக் கொத்து இடுப்பில் இல்லாமல் நான் ஆபீஸ் நேரத்தில் நின்றதே இல்லை.

"இப்ப நீங்க ஆபீஸ் ஆள் இல்ல. வெளிய போங்க. கேட்டுக்கு அந்தாண்ட போயிட்டு, உங்களுக்கு இஷ்டம் இருந்தா வாசல் வழியா உள்ள வாங்க. இல்லன்னா வூட்டுக்குப் போங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெளியே போனேன். கேட்டுக்கு வெளியே நின்றேன். எதிரே கார். குன்றத்தூர் பஸ் வேறு அந்த நேரம் பார்த்து வந்து நின்றது. பேசாமல் ஏறிவிடலாம். ஆரோக்கியம் கார் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். என்னை மாதிரி ஆள் பயந்து ஓட இதைவிட என்ன வேண்டும்? வீட்டில் சம்சாரம், கல்யாணத்துக்கு நிற்கும் பெண், ரிடையர் ஆக இருக்கிற கொஞ்ச வருசம் எல்லாம் கண் முன்னால் வந்தது. இந்த நினைப்பெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கால் உள்ளே திரும்பிவிட்டது. தைரியம் என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில் ஏறிப் போயிருந்தால் அதற்கப்புறம் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடப்பேன் என்று எனக்குத் தெரியும். அந்தக் கவலை இந்தக் கவலையைவிடப் பெரிசு.

சார் என்னை முன்பின் பார்த்ததே இல்லாதது போலக் கேட்டார். "உங்க பேரு? அப்பா பேரு? விலாசம்? ஓட்டு அடையாள அட்டை இருக்கா?" அட்டை எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும், விபத்து ஆனால் யார் என்று தெரிய வேண்டுமே. எடுத்து நீட்டினேன். போட்டோவையும் என் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கிளார்க் குனிந்துகொண்டு சிரித்தார்.

அப்புறம் சார் எழுந்து நின்றார். இசக்கிமுத்து சாரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தான். சார் தடுத்தார். "என்கிட்ட ஏன் சொல்ற? நான் கேக்கற ஆளு, அவ்ளோதான். அந்தப் பொண்ணப் பாத்துச் சொல்லு."

அவன் திரும்பினான். இசக்கிமுத்துவாகிய நான் ரூபியாகிய உன்னை என் சட்டப்படியான மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன் என்றான். இரண்டு இடத்தில் திக்கினான். ரூபி திக்கவில்லை.  எத்தனையோ கல்யாணத்துக்கு மேளச் சத்தத்தில் போய் மொய் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கல்யாணம் நடக்கிற இடத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நன்றாக விழுந்த கையெழுத்து அது.

நாங்கள் வெளியே வந்தபோது ஆரோக்கியம் காரை விட்டு இறங்கியிருந்தார். கூட இருந்தவர்களும் இறங்கினார்கள். சாமிதாஸும் மரத்தடியிலிருந்து கேட்டுப் பக்கம் வந்துவிட்டார். ஆரோக்கியம் எங்களிடம் பேசவே இல்லை. மச்சானிடம்தான் பேசினார்.

"காயிதத்துல கையெழுத்து போட்டா கல்யாணமா? நீயேதான மச்சான் அந்த ஆளாண்ட அப்பிடிக் கேட்ட? ஒரு வார்த்த சொல்லு. இட்டுகினு போயிடலாம்."

ரூபி இசக்கிமுத்துவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சாமிதாஸ் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நடந்ததா என்று கேட்கிற பார்வை. நான் தலையாட்டினேன். பிறகு சார் ஞாபகம் வந்து, வாயாலேயே ஆமாம் என்றேன்.

"ஆயிட்ச்சி ஆரோக்கியம்" என்றார் சாமிதாஸ். "கல்யாணம் ஆயிட்ச்சி. வண்டிய எடுத்துகினு போ."

 ஆரோக்கியம் கார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். ரூபி அப்பா என்று ஒரு அடி வைத்தாள். அவர் கையை மட்டும் அசைத்தார், போ என்பது போல. இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினார்கள். ஆட்டோ வளைவு திரும்புகிறவரை அவர் அங்கேயே நின்றார்.

எனக்கு லீவு. ஆபீஸுக்குள்ளும் போக முடியாது, வீட்டுக்குப் போகவும் மனசில்லை. டீ சாப்பிடலாமா என்று அவரைக் கேட்டேன். கூட வந்தார். பாதி டம்ளர் குடித்தார். அப்புறம் கேட்டார்.

"உள்ள நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"இன்னா சொல்லிச்சி?"

சொன்னேன். ரூபியாகிய நான் இசக்கிமுத்துவாகிய உன்னை என்று ஆரம்பித்து முழுசும் சொன்னேன். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுதுச்சா?"

"இல்ல. தெளிவா சொல்லிச்சி. வெளிய வராந்தா வரைக்கும் கேட்டுச்சி."

சாமிதாஸ் மிச்ச டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். செக்யூரிட்டித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, சரி பார்த்துக்கொண்டார்.

"சர்ச்சுல ஞாயித்துக்கிழம வேதம் படிக்கறது பொண்ணுதான். மைக்கே வேணாம்" என்றார். "கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும்."